மாமனார் படுத்த இடம்

சுண்ணக்கட்டியால் தரையில் கோடு இழுத்தபடி மண்டிபோட்டு நகர்ந்துகொண்டிருந்த சுன்ரே, சமையலறைச் சுவர் ஓரத்துக்கு வந்ததும் நின்றாள். ஊன்றியிருந்த இடது கைக்குக் கீழே தரை வெதுவெதுப்பாக இருந்தது.

பெரிய சூடு ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஒருவர் எழுந்து போன இருக்கையில் அடுத்தவர் உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு. ஆனால் அந்த வீட்டில் அடுப்பு மூட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாசலில் வைத்த வாளித் தண்ணீர் காலையிலிருந்து கல்லாகக் கிடந்தது. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டிய காகிதத்தின் வழியே சாம்பல் நிறத்தில் கசிந்த வெளிச்சம், தரையில் ஒட்டியிருந்த பழைய விரிப்புக் காகிதத்தைக் கிழித்தெடுத்த மண்தரை மேல் உயிரில்லாமல் படிந்திருந்தது. அவள் விட்ட மூச்சு வெள்ளையாக முகத்துக்கு முன்னாலேயே நின்றது. கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஓர் ஆள் படுக்கிற அகலம். ஓர் ஆள் நீளம். அதைத் தாண்டி விரலை ஒரு சாண் நகர்த்தினால் பனிக்கட்டி.

"ஓகோ," என்றாள் சுன்ரே சத்தமாகவே. "இன்னும் எழுந்திரிக்கலியா நீ?"

ஜோங்சொன் மலையில் எல்லா வீடும் அப்போது அப்படித்தான். சமையலறை அடுப்பில் எரிகிற நெருப்பு, தரைக்கடியில் கல் பலகைகளுக்குக் கீழே தவழ்ந்து போய், வீட்டின் மறுகோடியில் புகையாக வெளியேறும். அடுப்பை ஒட்டிய தரை தோசைக்கல் மாதிரி காயும். கடைசி அறைக்குப் போய்ச் சேரும்போது அந்தப் புகையில் நாற்றம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். அடுப்பை ஒட்டிய இடத்தில் மாமனார் படுப்பார். முதல் உறைபனி விழுந்தால் படுக்கிற மனிதர், சந்தை நாள் தவிர, மலையில் பூப்பூக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். அவர் முதுகுக்கடியில் விரிப்புக் காகிதம் அடிப்பிடித்த சோறு மாதிரிப் பழுப்பேறிக் கிடக்கும். சுன்ரே கல்யாணமாகி வந்து படுத்தது கடைசி அறையில்.

நிறைமாசமாக இருந்தபோது ஒரு நாள், மாமனார் சந்தைக்குப் போயிருந்த நேரம், காலிரண்டும் மரத்துப்போய் அந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டாள். அவர் திரும்பி வந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் கையைப் பிடித்து எழுப்பி, பனி கொட்டுகிற முற்றத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். மாமியாரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கதவச் சாத்து." சாயங்காலம்வரை யாரும் திறக்கவில்லை. அதற்கப்புறம் கடைசி அறையில் பிறந்த குழந்தை அழவே இல்லை.

இப்போது மாமனார் இல்லை, மாமியார் இல்லை, வாய் திறக்காத புருஷனும் போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான். வீடு சுன்ரேயுடையது. வொன்ஜூ நகரத்தில் பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டு அவள் இங்கே வந்ததே இந்தத் தரையைப் பெயர்க்கத்தான். அடுப்பை இடித்துத் தள்ளிவிட்டு, கொல்லைப்புறத்தில் மண்ணெண்ணெய் பாய்லர். தரைக்கடியில் வளைந்து வளைந்து போகிற சுடுதண்ணீர்க் குழாய். அறைக்கு ஒரு வால்வு. நடுக்கூடத்து மரப்பலகையைக்கூட எடுத்துவிட்டு அங்கேயும் குழாய். கடைசி அறையில் மட்டும் கோடுகளை நாலு விரல் இடைவெளியில் நெருக்கி நெருக்கிப் போட்டாள். மாமனார் இடத்தில் கோடே போடவில்லை. ஒரு பெரிய கட்டம் வரைந்து, அதன் நடுவே பெருக்கல் குறி போட்டாள்.

அன்று மத்தியானம் நாத்தனார் தோக்சூன் கீழ்த்தெருவிலிருந்து ஒரு டப்பா கிம்ச்சி ஊறுகாயோடு ஏறி வந்தாள். எழுபதைத் தொட்ட பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய்.

"என்னடி இது, பிள்ளைங்க நொண்டியாடக் கட்டம் போட்ட மாதிரி இருக்கு?"

"குழாய் போற வழி, அண்ணி. கோடு இருக்கிற இடமெல்லாம் சுடுதண்ணி ஓடும்."

"அந்த ஓரத்துல?"

"அங்க ஓடாது. வால்வுப் பெட்டி வெக்கப்போறேன். இரும்புப் பெட்டி. அதுக்கு மேல செருப்பு அலமாரி."

தோக்சூன் டப்பாவைக் கீழே வைக்க மறந்து நின்றாள். "எங்கப்பா இடத்துல செருப்பு வெக்கப்போற."

"ஆமா. உங்கப்பா செத்து எவ்வளவு நாளாச்சு."

"செத்தா என்ன? அந்த மனுஷனுக்கு எழுந்திரிக்கப் பிடிக்காது, உனக்குத் தெரியாததா?" என்று சிரித்தாள் தோக்சூன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. சமையலறைக்குப் போகும்போது அவள் கால் தானாக அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக ஒரு வளைவு போட்டுப் போனது. அந்த வீட்டில் பிறந்தவர்கள் எல்லோருடைய காலும் அப்படித்தான் போகும். தோக்சூனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அவள் போன பிறகு சுன்ரே முற்றத்தில் இறங்கி பூட்ஸை நன்றாகப் பனிக்குள் அமுக்கி எடுத்து, அந்தச் சேறும் பனியுமாக வந்து, கட்டத்தின் நட்டநடுவில் நின்றாள். பூட்ஸில் ஒட்டிய பனி உருகியது. பிறகு அதிலிருந்து ஆவி எழும்பியது. அவள் நகரவில்லை. உள்ளங்கால் பொறுக்கமுடியாமல் போகும்வரை நின்றாள்.

குழாய் போட வந்தவன் குவாக். நாற்பது வயது, தொப்பை, எப்போதும் ஏதாவது பாட்டு. தரையில் வரைந்த கோடுகளைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, வால்வுப் பெட்டிய ஊர்ல எல்லாரும் சமையல் மேடைக்குக் கீழ வெப்பாங்க. நீங்க என்னடான்னா பெரிய ரூமுக்குள்ள கேக்குறீங்க."

"நான் கேக்குற இடத்துல வெக்க முடியுமா முடியாதா?"

"முடியாதுன்னு யாரு சொன்னா? கூரையில வெக்கச் சொன்னாலும் வெப்பேன். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். எல்லாத் தண்ணியும் இந்தப் பெட்டிலேர்ந்துதான் கிளம்பும், சுத்திட்டு இதுக்குத்தான் திரும்பும். அப்புறம் இடம் மாத்தணும்னா வீட்டையே உடைக்கணும்."

"மாத்த மாட்டேன்."

முதலில் கடைசி அறையையும் நடுக்கூடத்தையும் பெயர்த்தார்கள். மத்தியானம் நூடுல்ஸ் வேகவைத்துக் கொடுத்தாள்; அவன் அதோடு ஒரு கிண்ணம் அரிசிக் கள்ளும் குடித்தான். அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு படுக்க இடம் தேடியவன், கட்டத்தருகே குனிந்து, "அட! இங்க சூடா இருக்கே. கீழ எலி எதுவும் அடுப்பு மூட்டியிருக்கா, அக்கா?" என்றான்.

"அங்க படுக்காத."

"கால் மணி நேரம்," என்று அவன் அட்டையை விரித்துவிட்டான்.

அவள் கொல்லைப்புறத்தில் உடைந்த கல்லைக் கொட்டிவிட்டு வந்தபோது வீடு வேறு மாதிரி இருந்தது. புகையிலை நாற்றம். குவாக் சிகரெட் பிடிக்கிறவன் இல்லை. தரையில் கன்னத்தை வைத்து அவன் தூங்கிக்கொண்டிருந்தான், அட்டை முதுகுப் பக்கம் நழுவிப் போயிருந்தது. குறட்டை மட்டும் அவனுடையதாக இல்லை. மெல்ல இழுத்து, நடுவில் தொண்டையில் ஏதோ அடைத்தது போல நின்று, எச்சில் விழுங்கி, மறுபடி தொடங்குகிற கிழட்டுக் குறட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அவள் எத்தனையோ குளிர்காலம் கேட்ட குறட்டை.

"தம்பி. ஏய், குவாக்!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். தரையோடு தைத்து வைத்தது போல அசையாமல் கனத்தான். கன்னத்தைச் சுற்றி மண் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போது அவன் உதடு, கண் திறக்காமலே, நிதானமாகச் சொன்னது.

"கதவச் சாத்து."

முதலில் வந்தது பயம்தான். அதற்குப் பின்னாலேயே, அதைவிடப் பழையதாக, கோபம் வந்தது. அவன் இரண்டு காலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இழுத்தாள். ஈரமான எதையோ உரிப்பது போல ஒரு சத்தம். குவாக் அலறிக்கொண்டு எழுந்தான். கன்னத்தில் கையகலத்துக்குத் தோல் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து அவன் வாசலிலேயே நின்றான். "கள்ளு ஒத்துக்கல போல," என்றான். கண் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, அந்த மூலைய அப்படியே விட்டுடலாமே. எத்தனையோ பேரு வீட்டுல ஒரு இடத்த விட்டுத்தான் வெச்சிருக்காங்க."

"எத்தன வருஷம் விட்டு வெக்கிறது?" என்றாள் சுன்ரே. வாசலில் கிடந்த அவன் சம்மட்டியை எடுத்துக்கொண்டு அவளே உள்ளே போனாள்.

மண்பூச்சு உடைந்தது. கல் பலகை இரண்டாகப் பிளந்தது. முழங்கால் ஆழம் தோண்டிப் பார்த்தாள். எலும்பு இல்லை, தாயத்து இல்லை, எதுவும் இல்லை. வெறும் புகைக்கரி, மை மாதிரிக் கறுப்பு, மாவு மாதிரி மென்மை. கையில் அள்ளினாள். சூடாக இருந்தது. அள்ளி அள்ளி வாளியில் போட்டுக் கொல்லைப் பனியில் கொட்டினாள். கொட்டிய இடத்தில் பனி உருகிக் குழியானது. திரும்பி வந்து பார்த்தால் குழிக்குள் அதே சூடு.

"எங்கயும் போகமாட்டியா?" என்றாள் குழியைப் பார்த்து. "சரி, கெட. உன் தலையில இரும்பக் கொண்டாந்து வெக்கிறேன்."

வைத்தாள். குவாக் வேலை பார்த்தான். பாட்டு நின்றுபோயிருந்தது. அவள் கோடு போட்ட வழியெல்லாம் வெள்ளைக் குழாய் வளைந்து போய், பெட்டியில் வந்து முடிந்தது. சிமெண்ட் கலவை கொட்டி மட்டம் பார்த்தார்கள். மாதம் திரும்பும்வரை காய விட்டு, சுன்ரே தன் கையாலேயே புதுக் காகிதம் ஒட்டி, சோயா எண்ணெய் தடவித் தேய்த்தாள். வீடு முழுவதும் மஞ்சளாகப் பளபளத்தது. அவ்வளவு நாளும் அவள் சமையலறையில் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் படுத்தாள். வால்வுப் பெட்டியின் கதவை ஒரு நாளும் தொட்டுப் பார்க்கவில்லை. தொடாமலே தெரிந்தது. அதன் மேல் வைத்த செருப்புகளின் ரப்பர், வெயிலில் காயப்போட்டது போல நாறியது.

பாய்லரைப் பொருத்திய அன்று குவாக் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டான். லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "குழாய்க்குள்ள காத்து அடைச்சிருக்கும், டக்குடக்குனு தட்டும். பயப்படாதீங்க. பெட்டியில ஓரமா ஒரு சின்னத் திருகு இருக்கு, அதத் திறந்தா உஸ்ஸுனு போயிடும். தண்ணி சொட்ட ஆரம்பிச்சா மூடிடுங்க."

"நீயே திறந்து காட்டிட்டுப் போயேன்."

அவன் கன்னத்துக் கட்டைத் தொட்டுக்கொண்டான். "பனி கொட்டப்போவுது, அக்கா."

பாய்லர் உறுமத் தொடங்கியதும் குழாய்கள் தட்டின. முதலில் பெரிய அறையில், பிறகு நடுக்கூடத்தில், பிறகு தூரத்தில் கடைசி அறையில். மாமனார் தன் நீளப் புகையிலைக் குழாயைச் சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் தட்டுவது போல, அவசரமே இல்லாமல், டக், டக். சுன்ரே பெட்டியைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு திருகைத் திறந்தாள்.

உஸ்ஸென்று காற்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. குழாய்க்குள் அடங்குகிற காற்று அவ்வளவு இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றிய பிறகும் வந்தது. ஈரமான, வெதுவெதுப்பான காற்று. புகையிலையும் சொத்தைப் பல்லும் கலந்த நாற்றம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் விடுகிற நீண்ட பெருமூச்சு. அது முடியும் இடத்தில் தண்ணீர் சொட்டவில்லை. நின்றது, அவ்வளவுதான்.

திருகை மூடினாள்.  கையைத் தொடையில் துடைத்தாள்.

ஆனால் வீடு சூடானது. அதை அவளால் மறுக்க முடியவில்லை. பெரிய அறை, நடுக்கூடம், சமையலறை என்று வெறுங்காலோடு நடந்தாள். எல்லா இடமும் ஒரே சூடு. கடைசி அறைக்குள் காலை வைத்தாள். தண்ணீர் வைத்தால் உறைந்துபோகிற அறை. குதிகாலிலிருந்து சூடு ஏறி முட்டி, தொடை, இடுப்பு என்று பரவியது. மெத்தையைக் கொண்டுவந்து நடுவில் விரித்தாள். வெளியே சாயங்காலம் நீலமாகி, பனி கொட்டிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, "பார்த்துக்க," என்று சுவரிடம் சொன்னாள். "கடைசி ரூம் இது. பார்த்துக்க."

அப்போதுதான் கவனித்தாள். வீட்டில் சத்தமே இல்லை. பாய்லரின் உறுமல் எப்போது நின்றது?

கொல்லைப்புறம் போனாள். பாய்லரில் பச்சை விளக்கு எரியவில்லை. அதன் உடம்பைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்கிற குளிர். புகைபோக்கியின் மேல் பனி, உருகாமல், நாலு விரல் கனத்துக்கு உட்கார்ந்திருந்தது. அணைந்து நேரமாகியிருக்கிறது. வெகுநேரம்.

உள்ளே வந்தாள். தரை முன்னைவிடச் சுட்டது.

பெட்டிக்கு ஓடி வால்வுகளை ஒவ்வொன்றாக மூடினாள். கை கொப்பளித்தது. எல்லாவற்றையும் மூடினாள். தரை சுட்டது. நடுக்கூடம் சுட்டது. ஒரு காலத்தில் ஒரு மூலையில் மட்டும் கிடந்த சூடு, அவள் போட்ட கோட்டின் வழியாகவே, வீடு முழுக்கக் கிடந்தது.

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. கீழ்த்தெருவில் தோக்சூன் வீட்டு விளக்கு, பனிக்குள் மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது. பத்து எட்டு வைத்தால் தெரு. பூட்ஸில் ஒரு காலை நுழைத்துவிட்டாள்.

முற்றத்தைப் பார்த்தாள். பனி கொட்டுகிற முற்றம். தன்னை உட்கார வைத்த இடம்.

"மாட்டேன்," என்றாள். காலை வெளியே எடுத்தாள். பூட்ஸைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். கதவைத் தானே சாத்தி, உள்ளே இருந்து தாழ் போட்டாள்.

நேராகக் கடைசி அறைக்குப் போய்ப் படுத்தாள். மெத்தையை உதைத்துத் தள்ளிவிட்டு, வெறும் தரையில், மல்லாந்து.

"என் வீடு. நீ எழுந்திரு."

 எண்ணெய்க் காகிதம் கருகுகிற வாசனை. முதுகு எரிந்தது. அவள் அசையவில்லை.

பிறகு முதுகுக்குக் கீழே தரை மெல்ல ஏறியது.

நின்றது.

இறங்கியது.

நெஞ்சு. அவள் படுத்திருந்தது ஒரு நெஞ்சின் மேல். உள்ளே, ஆழத்தில், இழுத்து, அடைத்து, விழுங்கி, மறுபடி இழுக்கிற மூச்சு.

கத்தினாள். அது பயத்தின் கத்தலா என்று அவளுக்கே தெரியவில்லை. புரண்டு குப்புறப் படுத்தாள். கையை விரித்தாள். காலை விரித்தாள். முழு உடம்பையும் போட்டு அழுத்தினாள். பள்ளிக்கூடத்து அண்டாக்களைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள். அதையும் கொடுத்து அழுத்தினாள்.

கீழே மூச்சு தடுமாறியது.

"ஆங்," என்றாள். "எப்படி இருக்கு?"

இன்னும் அழுத்தினாள். தரை திமிறியது. ஒரு முறை. இரண்டு. கீழே எங்கோ குதிகால் உதைக்கிற சத்தம். கன்னம் பொசுங்கியது. தன் தோலின் நாற்றம் தனக்கே வந்தது. விடவில்லை. மூச்சு சிறுத்தது. நூலானது. அறுந்தது.

அமைதி.

பனி கூரையில் விழுகிற மெத்தென்ற சத்தம் மட்டும். சுன்ரே சிரித்தாள். உதட்டில் உப்பு.

அப்போது நடுக்கூடத்தில் காகிதம் முறுகியது.

தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் திருப்பினாள். அறைக்கதவு திறந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில், நடுக்கூடத்து மஞ்சள் தரை, சுவருக்குச் சுவர், மெதுவாக மேலே ஏறியது. அதற்கப்பால் பெரிய அறைத் தரை. அதற்கப்பால் சமையலறை. பாத்திரங்கள் சரிந்தன. கதவு நிலைகள் முனகின. ஒரே மூச்சு. வீடு அளவு.

அவளுக்குக் கீழேயும் தரை எழும்பியது. அவளைத் தூக்கிக்கொண்டு. விட்டத்தை நோக்கி.

கன்னத்தை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

சுன்ரே நகங்களைக் காகிதத்துக்குள் இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் அழுத்தினாள்.